பேனாவோடு சபைக்குப் போனவர்

(பெட்டாலிங் ஜெயாவில், தோட்டக் கிளை அங்கத்தினரும் கிராணிமாரும் கூடியிருந்த கூட்டத்தில் ஒரு தோட்டக் கிராணி ஆற்றிய உரை)



வாரத்தில் ஒரு நாள்தான் நமக்கு ஓய்வு. அந்த ஒரு நாளையும் விட்டுவிட்டுக் கிள்ளான், காப்பார், பந்திங் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி இந்தப் பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்திருக்கிறீர்கள். ஆகையால் உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். "பத்திரிகையும் தொழிலாளர் அரசியலும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பெரிய படிப்பாளி அல்லன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலே, ஒரே கொட்டகையில் இரண்டு வகுப்பு உட்கார்ந்த காலத்தில், எழுத்துப் படித்தவன். எனக்குத் தெரிந்த ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் கதையிலிருந்து ஒரு துளி சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நான் காட்டிய இடம்

கிராணி வேலையில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். ஒரு சம்பள நாளுக்கு முதல் நாள் என் மேசையிலே ஒரு கட்டுக் காகிதம் வந்து விழுந்தது. "நாளைக்குச் சம்பளம் வாங்க வருகிற எல்லோரிடமும் இதில் கையெழுத்து வாங்கிவிடு" என்று உத்தரவு. நான் அதைப் படித்தேன். வேலை முடிந்தால் இத்தனை நாளுக்குள் தோட்டத்து வீட்டைக் காலி செய்து கொடுக்கிறேன், அதன்பேரில் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் கண்டிருந்தது. தமிழில் அல்ல.

மறுநாள் வரிசை நின்றது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள். தெரியாதவர்கள் கட்டை விரலை நீட்டினார்கள். எந்த இடத்தில் போட வேண்டும் என்று நான் விரலால் தொட்டுக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? காட்டியவன் நம்முடைய பிள்ளை, லயத்திலே பிறந்து வளர்ந்தவன் என்ற நம்பிக்கை! ஒரே ஒரு பாட்டி மட்டும், நாற்பது வருஷம் வாளி தூக்கிய கையைப் புடவையிலே துடைத்துக்கொண்டு, "தம்பி, இது எதுக்குய்யா கைநாட்டு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லே பாட்டி, ஆபீஸ் கணக்குக்கு" என்றேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தத் தீம்பாரின் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பாட்டியின் வீட்டுக்கு நோட்டீசு போயிற்று. அவர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆபீசு வாசலுக்கு வந்தார். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "நீ படிச்ச புள்ளையாச்சே. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். திரும்பி நடந்து போனார்.

தோழர்களே, நான் சங்கத்துக்கு வந்த வழி இதுதான். சந்தாச் சீட்டைப் பார்த்து வரவில்லை. அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்த்து வந்தேன். காகிதம் என்பது எவ்வளவு பொல்லாதது, அதைப் படிக்கத் தெரிந்தவன் வாய் மூடியிருந்தால் அது எத்தனை குடும்பங்களைச் சாய்க்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதனால்தான் காகிதத்தைக் கொண்டே தொழிலாளிக்காகப் போராடிய ஒருவரைப் பற்றி இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் கோ. நடேசய்யர்.

புடவை மூட்டையோடு வந்த ஐயர்

நடேசய்யர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர். 1887-ஆம் ஆண்டு பிறந்தவர். தொடக்கத்தில் அவருக்கும் தோட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வியாபாரம், கணக்குப் பதிவு, வங்கி முறை என்பனவற்றைத் தமிழிலே எழுதி வந்தவர். 'வர்த்தகமித்திரன்' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். நம் கிராணிமார் கவனிக்க வேண்டும்: அவரும் கணக்குப் புத்தகத்திலே தொடங்கியவர்தாம்.

1915-ஆம் ஆண்டு கொழும்பிலுள்ள இந்திய வியாபாரிகளின் அழைப்பின்பேரில் இலங்கைக்குப் போனார். போன இடத்தில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இலட்சக் கணக்கான தமிழர் இருக்கிறார்களாமே, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், பார்த்துவிட்டுப் போவோம் என்று புறப்பட்டார். பார்க்க முடிந்ததா? தோட்டம் என்பது துரையின் சொந்தச் சொத்து. உள்ளே அடியெடுத்து வைத்தால் அத்துமீறல் குற்றம். தன் சொந்த ஊர்க்காரனை லயத்திலே போய்ப் பார்க்கவும் துரையின் அனுமதி வேண்டும். ஆனால் ஒருவனுக்கு மட்டும் தடை இல்லை. அவன் யார்? புடவை விற்கிறவன். நடேசய்யர் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வியாபாரிபோல லயங்களுக்குள் புகுந்து வந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய சாரல்நாடன் சொல்கிறார்.

உள்ளே போனவர் என்ன கண்டிருப்பார்? உங்களுக்கு நான் விவரிக்கவும் வேண்டுமா? வரிசை லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஒரு குடும்பம், சில இடங்களில் இரண்டு. விடியுமுன் பெரட்டு. கங்காணியின் தலைப்பணம். கடைக்காரன் கடன். நம் பாட்டன்மார் இங்கே கண்டதற்கும் அதற்கும் பெயரில்தான் வேறுபாடு. இங்கே பால்மரம், அங்கே தேயிலைச் செடி.

அங்கே ஒரு முறை இருந்தது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். கேட்பதற்குச் சின்னச் சொல். அதன் உள்ளே இருந்த விஷயம் பெரிது. ஒரு தொழிலாளி தன் தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், பழைய தோட்டம் ஒரு துண்டுச் சீட்டுத் தர வேண்டும். அதில் அவனும் அவன் கங்காணியின் கூட்டமும் இவ்வளவு கடன் என்று எழுதியிருக்கும். அந்தக் கடனைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் ஆளுக்கு விடுதலை. புதுத் தோட்டம் கட்டிய பணம் அவன் தலையிலே புதுக் கடனாக ஏறும். சீட்டுக் கை மாறும், ஆள் கை மாறுவான், கடன் மட்டும் மாறாது. தான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. ஏனென்றால் சீட்டை அவனால் படிக்க முடியாது. இந்தத் துண்டு முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. வேலையை விட்டால் சிறை என்ற தண்டனை விதிகளும் அதையடுத்துப் போயின.

ஒரு காகிதம் மனிதனைக் கட்டிப் போட்டது. அந்தக் கட்டை அவிழ்க்க இன்னொரு காகிதம் வேண்டியிருந்தது. நடேசய்யர் ஊருக்குத் திரும்பிப் போய்த் தம் பழைய வேலையைப் பார்த்திருக்கலாம். போகவில்லை. சில ஆண்டுகளில் இலங்கைக்கே வந்து தங்கினார். 1921-இல் 'தேசநேசன்' வந்தது. 1924-இல் 'தேசபக்தன்' வந்தது. அதற்குப் பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும் பல பத்திரிகைகளைத் தொடங்கினார். ஒன்று நின்றால் இன்னொன்று.

படித்தவன் ஒருவன், கேட்பவர் நூறு

இங்கே ஒரு சந்தேகம் எழும். எழுத்துத் தெரியாத ஜனங்களுக்குப் பத்திரிகை எதற்கு? நியாயமான கேள்வி. இதற்கு நம் தோட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஒரு பத்திரிகையை ஒருவன் படிப்பான். ஒரு லயமே கேட்கும். அந்திக்கு விளக்கடியில், தேத்தண்ணிக் கடையில், கோயில் திண்ணையில் படித்தவன் குரல் கொடுத்தால் நூறு பேர் காது கொடுப்பார்கள். நம் தாத்தாமார் அப்படித்தான் உலகச் செய்தி அறிந்தார்கள்.

அதுவும் எட்டாத இடத்துக்குப் பாட்டு எட்டியது. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை. இந்தப் பெயரை நம் தாய்மார்கள் மறக்கக் கூடாது. கணவருக்குப் பின்னால் நின்ற மனைவி என்று சொல்லி அவரை ஒதுக்கிவிட முடியாது. பத்திரிகை வேலையைச் செய்தார். கூட்டம் நடக்கும் இடத்திலே முதலில் நின்று பாடினார். ஜனங்கள் ஏற்கெனவே முணுமுணுக்கும் மெட்டுகளை எடுத்து, அதிலே சம்பளத்தையும் சட்டத்தையும் வைத்துப் பாட்டுக் கட்டினார். அந்தப் பாட்டுகள் 1940-இல் புத்தகமாகவும் வந்தன. நீண்ட பிரசங்கம் மறந்துபோகும். மெட்டோடு வந்த சொல் கொழுந்து பறிக்கும்போதும் வாயிலே வரும். பெண்கள் மேடை ஏறுவதே அதிசயமாக இருந்த காலத்தில், அதுவும் ஓர் ஆசார வகுப்பைச் சேர்ந்த அம்மையார், தாழ்த்தப்பட்ட மக்கள் நிறைந்த லயங்களுக்கு வந்து பாடினார் என்றால், அதன் பெருமையை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

நடேசய்யரும் சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் படும் பாட்டை வைத்து நாடகம் எழுதினார். தொழிலாளிக்குள்ள உரிமை என்ன, கடமை என்ன என்று எளிய தமிழில் நூல் எழுதினார். சட்டம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குப் புரியாத மொழியில் அது இருக்கலாகாது என்பதே அவர் வேலை முழுவதிலும் நான் காணும் கொள்கை.

சபைக்குள்ளே

இனி அவர் அரசியலுக்குப் போன கதை. பத்திரிகையில் எழுதினார், துரைமார் படித்தார்கள், கோபப்பட்டார்கள், பிறகு மறந்தார்கள். எழுதியது சட்டமாக வேண்டுமானால், சட்டம் செய்யும் இடத்தில் ஆள் இருக்க வேண்டும். 1925-இல் ஓர் இடைத்தேர்தலில் வென்று இலங்கைச் சட்டசபையில் இந்தியர் பிரதிநிதியாக அமர்ந்தார்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அவரை அந்தச் சபைக்கு அனுப்பியவர் யார்? தோட்டத் தொழிலாளியா? இல்லை. அப்போது சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. கொழுந்து பறிப்பவளுக்கு ஓட்டில்லை. கவ்வாத்து வெட்டுபவனுக்கு ஓட்டில்லை. வியாபாரிகளின் ஓட்டில் சபைக்குப் போனவர், ஓட்டே இல்லாத கூலியாளுக்காகப் பேசினார். ஓட்டுக்காக மட்டும் பேசுகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஓட்டுக் கொடுக்க முடியாதவனுக்காகப் பேசுகிறவனைக் காண்பது அரிது.

சபையின் மொழி ஆங்கிலம். தோட்டத்தின் மொழி தமிழ். நடுவிலே நின்றவர் ஒரு பத்திரிகைக்காரர். அதனால் தோட்டத்துக் குறை சபைக்கு ஏறியது. சபையில் நடந்தது தோட்டத்துக்கு இறங்கியது. 1927-இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்களுக்கு 43, சிறுவர்களுக்கு 32 என்று விதித்தார்கள். இதை நடேசய்யர் ஒருவரே வாங்கித் தந்தார் என்று சொல்ல மாட்டேன். இந்திய சர்க்காரின் வற்புறுத்தல் அதில் பெரும் பங்கு. ஆனால் 54 சதம் என்பது தன் உரிமை, துரை போடும் பிச்சை அல்ல என்பதைத் தொழிலாளியின் காதிலே போட்டவர்களில் முன்னவர் அவர்.

பிறகு உலகமெங்கும் மந்தம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது, தேயிலை விலை விழுந்தது. விலை ஏறும்போது தொழிலாளியை நினைக்காதவர்கள், விலை விழும்போது மட்டும் முதலில் அவனை நினைத்தார்கள். சம்பளத்தில் கை வைத்தார்கள். இங்கே மலாயாவிலும் அதே கதை. கப்பல் கப்பலாக நம் ஆட்களைத் திருப்பி அனுப்பிய காலம் அது. அந்த நேரத்தில், 1931-இல், நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனத்தை அமைத்தார். அதன் நிலைக்களம் கொழும்பு அல்ல, தேயிலை மலைகளின் நடுவிலுள்ள அட்டன். இலங்கைத் தோட்டத்தில் தொழிலாளிக்கென்று எழுந்த முதல் சங்கம் அதுவே. துரைமார் எதிர்த்தார்கள். கங்காணிமார் எதிர்த்தார்கள். கங்காணி ஏன் எதிர்த்தான்? தொழிலாளி நேராகச் சங்கத்துக்குப் போய்விட்டால், நடுவில் நிற்கிற தனக்கு என்ன வேலை? தலைப்பணம் எங்கே?

அதே 1931-இல் இலங்கைக்குப் புதிய அரசியல் அமைப்பு வந்தது. இருபத்தோரு வயது வந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டு. ஆசியாவிலேயே முன்னோடி என்று புகழப்பட்டது. ஆனால் தோட்டத் தமிழனுக்கு மட்டும் நிரந்தரக் குடி என்று காட்ட வேண்டும், சான்று வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டார்கள். அப்படியும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பட்டியலில் ஏறினார்கள். 1936-இல் அட்டன் தொகுதியில் நடேசய்யர் வென்று அரசாங்க சபைக்குப் போனார். அன்றைக்கு அவருக்கு ஓட்டுப் போட்டவர்களிலே லயத்து ஜனங்கள் இருந்தார்கள். பதினொரு ஆண்டுக்கு முன் வியாபாரிகளின் ஓட்டில் போனவர், இப்போது யாருக்காகப் பேசினாரோ அவர்களின் ஓட்டிலேயே போனார். பத்திரிகைக்காரன் அரசியல்வாதியானால் இப்படித்தான் ஆக வேண்டும்.

ஸ்காத்லாந்திலும் ஒருவர்

இது தமிழனுக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. நம் தோட்டங்களை ஆண்ட துரைமாரில் எத்தனையோ பேர் ஸ்காத்லாந்துக்காரர்கள். அவர்கள் நாட்டின் வட மலைப்பகுதியில் ஏழைக் குடியானவர்கள் பேசியது ஆங்கிலம் அல்ல, கேலிக் என்னும் தாய்மொழி. ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று ஜமீன்தார்கள் அவர்களைக் குடியிருந்த வீட்டிலிருந்து விரட்டினார்கள். கூரையைப் பிரித்தார்கள். பலர் கப்பலேறிக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள்.

அங்கே ஜான் மர்டாக் என்று ஒருவர் இருந்தார். கலால் வரி இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், கேலிக் பேசுகிறவர். 1873-இல் 'ஹைலாண்டர்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். அந்தப் பத்திரிகையில் குடியானவனின் தாய்மொழிக்கும் இடம் இருந்தது. ஊர் ஊராக நடந்து போய், "பயப்படாதே, வாயைத் திற" என்று சொன்னார். 1881-இல் பத்திரிகை பணமில்லாமல் நின்றது. ஆனால் 1883-இல் சர்க்கார் விசாரணைக் குழு வந்தபோது, குடியானவர்கள் அதன் முன் நின்று தங்கள் சொந்த மொழியிலேயே சாட்சி சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளன் அதை ஆங்கிலமாக்கினான். 1885 தேர்தலில் குடியானவர் பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனார்கள். 1886-இல் சட்டம் வந்தது: வாடகை ஒழுங்காகக் கட்டுகிற குடியானவனை இனி விரட்ட முடியாது! மர்டாக் 1888-இல் ஸ்காத்லாந்துத் தொழிற்கட்சி தொடங்கிய கூட்டத்திலும் முன்னின்றார்.

பாருங்கள், பத்திரிகை செத்தது; அது கற்றுக் கொடுத்த பேச்சு சாகவில்லை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் நாட்டிலிருந்து வந்தவர்களில் சிலரே இங்கே துரையாக உட்கார்ந்து, நம்மவர்களுக்கு வீடு காலி செய்யும் நோட்டீசு கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். துன்பம் மனிதனுக்குத் தானாகவே அறிவைக் கொடுத்துவிடுவதில்லை. அதை யாராவது ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் கிள்ளானிலும் ஒருவர்

தூரத்துக் கதை போதும். கிள்ளானைப் பற்றிச் சொல்லாமல் போனால் உங்களிலே பெரியவர்கள் என்னை விடமாட்டார்கள். ஆர். எச். நாதன் கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். அவரும் எழுதுவதோடு நிற்கவில்லை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்திலே சேர்ந்து தொழிலாளரைத் திரட்டினார்.

1941-இல் நம்மவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சரியான வைத்தியம். இன்னும் ஒன்று: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். இன்றைய பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய சொந்தச் சைக்கிளில் உட்கார்ந்து போகும் உரிமைக்காகவும் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லித் தொழிலாளர் திரண்டார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. ஐந்து தொழிலாளர் மாண்டனர். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

நடேசய்யருக்குச் சபை கிடைத்தது. நாதனுக்குக் கப்பல் கிடைத்தது. அந்தத் தீவில் தோட்டத் தமிழனுக்கு ஓட்டு என்று ஒன்று இருந்தது. இங்கே அன்றைக்கு அதுவும் இல்லை. எழுதுகிறவனின் துணிச்சல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அவன் பின்னால் ஓட்டு இருக்கிறதா இல்லையா என்பதில்தான் முடிவு வேறுபட்டது.

குறையும் சொல்ல வேண்டும்

நடேசய்யரைத் தெய்வமாக்கிவிட்டுப் போக நான் வரவில்லை. தலைவர்களை மாலை போட்டே மூச்சுத் திணற வைப்பது நமக்கு வழக்கம். அவரிடமும் குறை இருந்தது. கொழும்புத் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவோடு சேர்ந்து பாடுபட்டார். 1920-களின் கடைசியில், குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது பிரிந்தார். அதில் குற்றமில்லை. ஆனால் தொடங்கிய பத்திரிகை பல; நிலைத்தது சில. சங்கம் அவர் என்ற ஒரு தூணிலேயே நின்றது. 1939-இல் நேரு கொழும்புக்கு வந்து போன பிறகு இலங்கை இந்தியக் காங்கிரசு எழுந்தது. அதன் தொழிலாளர் சங்கம் தோட்டம் தோட்டமாக வேர் விட்டது. நடேசய்யரின் சம்மேளனம் ஒதுங்கிப் போயிற்று. 1947 நவம்பரில் அவர் கண் மூடினார். தூண் சாய்ந்ததும் கூரையும் போயிற்று.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 1948 பிப்ரவரியில் இலங்கைக்குச் சுதந்திரம். அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம். உன் தகப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, சான்று காட்டு என்றது சட்டம். லயத்திலே பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்புப் பத்திரம் எடுத்து வைத்தார்கள்? அடுத்த ஆண்டே ஓட்டும் பறிபோயிற்று. 1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து பாராளுமன்றத்துக்குப் பிரதிநிதிகளை அனுப்பிய ஜனங்கள், 1952 தேர்தலில் வெளியே நின்று பார்த்தார்கள். 1964-இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று. தேயிலைப் பெட்டியைப் பங்கு போட்டதுபோல மனிதர்களைப் பங்கு போட்டார்கள்! நாடில்லாமல் எஞ்சியிருந்தவர்களின் குறையைத் தீர்க்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு, தோழர்களே! ஒரு காகிதம் இல்லாததால் இரண்டு தலைமுறை.

நமக்கு மட்டும் இது நேரவில்லையா? 1969-இல் இந்த நாட்டில் வேலை அனுமதிச் சட்டம் வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்த நம் தோட்டத்து ஜனங்கள் பல்லாயிரம் பேர் பெட்டி கட்டினார்கள். 'பிறகு பதியலாம், பிறகு பதியலாம்' என்று விட்டவர்கள் அவர்கள். அன்றைக்கு ஒரு படிவத்தை எழுதிக் கொடுக்க ஒரு கிராணி பத்து நிமிஷம் செலவிட்டிருந்தால், அவர்களில் எத்தனையோ பேர் இங்கேயே இருந்திருப்பார்கள்.

செய்ய வேண்டிய மூன்று

நான் பேசி முடிக்கிறேன். கைதட்டல் வேண்டாம், மூன்று காரியம் செய்தால் போதும்.

முதலாவது, என் இனத்தாராகிய கிராணிமாருக்கு. சபைக்குப் போக நம் எல்லோராலும் முடியாது. பத்திரிகை நடத்தவும் முடியாது. ஆனால் நம் மேசையைத் தாண்டித்தான் எந்தக் காகிதமும் லயத்துக்குப் போகிறது. படித்துக் காட்டாத காகிதத்தில் ஒருவரிடமும் கைநாட்டு வாங்காதீர்கள். துரைக்குப் பிடிக்காது, தெரியும். நான் பெரட்டிலே ஒரு நோட்டீசைத் தமிழில் உரக்கப் படித்ததற்காக எனக்கு இடமாற்றம் கிடைத்தது. இடம் மாறினால் என்ன? அங்கேயும் பெரட்டு உண்டு, அங்கேயும் படித்தேன்.

இரண்டாவது, பால்மரத் தோழர்களுக்கு. "கிராணி சொன்னார், கைநாட்டு வைத்தேன்" என்ற பேச்சு இனி வேண்டாம். யாராக இருந்தாலும், நானாக இருந்தாலும், "இதில் என்ன எழுதியிருக்கிறது? படி" என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. அன்றைக்கு அந்தப் பாட்டி கேட்டார். பொய் சொன்னது நான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டிருந்தால் எனக்குப் பொய் சொல்லத் துணிவு வந்திருக்காது. உங்கள் தோட்டத்தில் நடப்பதைப் பத்திரிகைக்கு எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, ஆசிரியர் திருத்திக்கொள்வார். விஷயத்தில் மட்டும் பிழை இருக்கக் கூடாது. எத்தனை மரம், எத்தனை கிலோ, எந்தத் தேதி, எவ்வளவு பிடித்தம் என்று கணக்கோடு எழுதுங்கள். நடேசய்யர் கணக்குப் பதிவிலே தொடங்கியவர் என்றேனே, அதை மறக்காதீர்கள். ஆத்திரத்தைத் துரை தள்ளிவிடலாம். கணக்கைத் தள்ள முடியாது.

மூன்றாவது, தாய்மார்களுக்கு. வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? அடையாளக் கார்டு எடுத்தாயிற்றா? வயது வந்தவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே சங்கத்துக்கு வாருங்கள். "கூட்டிப்போக ஆளில்லை" என்று சொல்லாதீர்கள். நான் வருகிறேன். என்னைப்போல் இந்த மண்டபத்தில் இன்னும் இருபது கிராணிமார் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் வருவார்கள், நான் பெயர் சொல்லிக் கேட்பேன்.

அந்தப் பாட்டி இப்போது மகன் வீட்டில், அடுக்குமாடியின் நாலாவது மாடியில் இருக்கிறார். போன தீபாவளிக்குப் பார்க்கப் போனேன். பலகாரம் கொடுத்தார். புறப்படும்போது, மகனுக்கு வந்திருந்த ஒரு கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார். மறுபடியும் என்னை நம்பினார். உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துச் சொன்னேன்.